பதினொரு வீட்டுக் கார்டுகள்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். நான் இருந்தேன். என் மனைவி அடுப்படியில் இருந்தாள். கீழ் லயத்து வரிசை வீட்டுத் தங்கச்சி இஸ்தோப்பு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன், அவ்வளவுதான். ஆட்டோக்காரர் வாசல்படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சிங்களவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் மல்லிதான், சிங்களத்தில் தம்பி. ஐந்தாவது ஆள் போனுக்குள் இருந்தான்.

இடம், இலங்கையில் கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். போன வருஷம், பெரிய மழைக் காலம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டினாலும் பாலோடு தண்ணீர் கலந்து சிரட்டை வழிந்து போகும். அதனால்தான் பகல் பத்து மணிக்கு எல்லாரும் சும்மா இருந்தோம்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்து பார்த்தேன். அப்போதும் வெட்கம் குறையவில்லை.

முதலில் கார்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சம்பளம் வங்கிக்கு வருகிறது. வங்கி டவுனில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஏடிஎம் வரிசையில் நின்று திரும்பி வந்தால் ஒரு பேர் போய்விடும். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். எனக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. ஷீட்டைப் புகை போட்டுக் காய வைப்பது. வேலை முறை மாறி மாறி வரும், பகலில் ஓய்வு கிடைக்கும். அதனால் சம்பளம் விழுந்த மறுநாள் நான் டவுனுக்குப் போவேன். இரண்டு லயத்துக் கார்டுகளும் என் சட்டைப் பையில் போகும். பதினொரு வீடு, பதினொரு கார்டு. மற்ற நாளிலும் அவை என் வீட்டில்தான் இருக்கும். இரகசிய நம்பரும் என்னிடம்தான். எழுதி வைத்ததில்லை. தலையில் இருந்தது.

எட்டு வருஷம் அப்படிச் செய்தேன். யாருக்கும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. என்னைப் பேங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். "பேங்கு வருது, வழி விடுங்க" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

டவுனில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இரகசிய நம்பரை அடுத்தவனிடம் சொல்வதா என்பார்கள். எங்கள் லயத்தில் அப்படியில்லை. நம்பரைச் சொல்வதுதான் நம்பிக்கை. ஒருத்தர் மறைத்தால், அவருக்கு என்மேல் சந்தேகம் என்று அர்த்தம்.

இன்னொன்று. கணக்குத் திறந்த காலத்தில் பலரிடம் போன் இல்லை. வங்கியில் போன் நம்பர் கேட்டபோது ஆறு பேர் என் நம்பரைக் கொடுத்தார்கள். தங்கச்சியும் அதில் ஒருத்தி. அவள் கணக்கில் காசு வந்தாலும் போனாலும் செய்தி என் போனுக்குத்தான் வரும். பின்னால் நான் மறைக்க முடிந்தது இதனால்தான்.

தங்கச்சி முப்பது வருஷம் பால் வெட்டியவள். புருஷன் செத்துப் பல காலம். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஐம்பது முடிந்ததும் வேலையை விட்டாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அந்தக் கை இல்லாமல் மரம் வெட்ட முடியாது. ஈபிஎஃப் காசு கணக்கில் விழுந்தது. அவளுக்குத் தையல் நன்றாக வரும். கரண்டில் ஓடும் தையல் மெஷின் ஒன்று எடுத்துவிட்டால் யார் கையையும் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். மிச்சக் காசு அவள் வயதான காலத்துக்கு. அதை விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவள் புதுப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு விளம்பரம். கொழும்புக் கடையாம். மெஷின் பாதி விலை, நாற்பத்தையாயிரம். வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்களாம். தமிழில்தான் எழுதியிருந்தது.

"அண்ணே, இன்னக்கித்தான் கடைசி நாளாம். கார்டுல கட்டணுமாம். நீங்களே கட்டிக் குடுத்துருங்க."

எனக்குப் போனில் காசு கட்டத் தெரியாது. ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேங்கு என்று பேர் எடுத்தவன் எப்படிச் சொல்வது? குடு பார்ப்போம் என்று போனை வாங்கினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். "சாமான் கைக்கு வந்தா காசக் குடுக்குறது. கண்ணால பாக்காம காசு கட்டுவாங்களா? நெத்திலி வாங்கக்கூட மூக்குக்கிட்ட கொண்டு போயித்தான் வாங்குறோம்."

"மெஷின மோந்தா அண்ணி பாக்குறது?" என்று தங்கச்சி சிரித்தாள்.

மல்லியும் சிரித்தார். பிறகு சொன்னார். "அக்கா சொல்றதுதான் ஹரி, அண்ணே. வீட்டுக்கு வந்து சாமானக் குடுத்துட்டுக் காசு எடுக்குற கடை இருக்குதானே. அப்பிடிக் கேளுங்க." ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு என் போனிலிருந்து கோல் எடுத்தேன். ஒருவன் பேசினான். நல்ல தமிழ். முதல் சொல்லே "சொல்லுங்க ஐயா" என்றான்.

தோட்டத்தில் என்னை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் எனக்கு என்ன செய்தது என்று இன்றைக்கு யோசித்தால் உடம்பு கூசுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லி சொன்னதைக் கேட்டேன். வீட்டில் வந்து காசு வாங்குவது முழு விலைக்கு மட்டும்தான் ஐயா, கார்டுக்குத்தான் பாதி விலை என்றான். பிறகு கார்டில் இருக்கும் நம்பரைக் கேட்டான். மாதம் வருஷம் கேட்டான். பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கத்தையும் கேட்டான். நான் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன்.

மல்லி பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அண்ணே, நம்பர் கியன்ன எபா. சொல்ல வேணாம், சொல்ல வேணாம்" என்று கையை ஆட்டினார்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். "மல்லி, பதினொரு வீட்டு நம்பரு என் தலையில இருக்கு. எட்டு வருஷம். ஒண்ணாவது வெளிய போயிருக்கா?"

அவர் படிக்குப் போய் உட்கார்ந்தார்.

போனில் ஒரு செய்தி வந்தது. இங்கிலீசில் இருந்தது. எனக்கு அதில் விளங்கியது ஆறு இலக்கம் மட்டும். இந்த நம்பரை யாருக்கும் சொல்லாதே என்று அதற்குக் கீழே எழுதியிருந்ததாம். அது பின்னால்தான் தெரியும். ஆறையும் வாசித்தேன். "போகல ஐயா, லைன் கொழப்பம், இன்னொண்ணு வரும்" என்றான். வந்தது. வாசித்தேன். "இதுவும் போகல ஐயா" என்றான். மூன்றாவதையும் வாசித்தேன். நடுவில் வேறு செய்திகளும் வந்தன. அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் ஐயா என்றான்.

"கட்டியாச்சு" என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவள் என் மனைவியின் கையைப் பிடித்து, முதல் சட்டை அண்ணிக்குத்தான் என்றாள்.

அவர்கள் போன பிறகு செய்திகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரே தொகை. நாற்பத்தையாயிரம், நாற்பத்தையாயிரம், நாற்பத்தையாயிரம். இங்கிலீசு தெரியாவிட்டாலும் அது விளங்கும். அந்த நம்பருக்கு எடுத்தேன். போன் அணைத்திருந்தது. ஸ்டோருக்குப் போய்விட்டு வந்து எடுத்தேன். அப்போதும் அணைத்திருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

அன்றைக்கே கீழ் லயத்துக்கு இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது அடி தூரம். போகவில்லை. நாளைக்குப் போன் எடுப்பான், காசு திரும்பும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

தங்கச்சி கேட்க ஆரம்பித்தாள். "எப்ப அண்ணே வரும்?" அவிசாவளைப் பக்கம் பாதையில் மண் சரிந்திருக்கிறது, லொறி வர முடியாது என்றேன். மழைக் காலத்தில் இங்கே யாரும் நம்பக்கூடிய பொய் அது. அவளும் நம்பினாள். மெஷின் வைக்க இடம் வேண்டும் என்று கட்டிலை இஸ்தோப்புக்கு மாற்றினாள். ஆளைக் கூப்பிட்டு உள்ளே ஒரு பிளக் போட ஏற்பாடு செய்தாள். குண்டும் குழியுமாக இருந்த தரையைச் சிமெந்து வாங்கி அவளே பூசினாள், அந்தத் தோளோடு. நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்தேன்.

சம்பள நாள் வந்தது. பிளக் போட்டவனுக்குக் கொடுக்க எட்டாயிரம் எடுத்து வரச் சொன்னாள். ஏடிஎம்மில் அவள் கார்டைப் போட்டு எடுத்தேன். துண்டு வந்தது. மிச்சத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பத்தையாயிரத்தையும் கழித்தாலும் அவ்வளவு குறைந்திருக்கக் கூடாது. அதற்கிடையில் என் போனுக்கு இங்கிலீசில் சில செய்திகள் வந்தது உண்மை. சத்தம் கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பார்த்தால்தானே பயம். இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அந்தத் துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஏடிஎம்முக்குப் பக்கத்துக் கதவுதான் வங்கி. கண்ணாடிக் கதவு. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. துண்டைக் கசக்கி ரோட்டோரச் சாக்கடைக் காணில் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அந்த வாரம் அவள் மறுபடி கேட்டாள். மண் சரிவு என்று இனிச் சொல்ல முடியாது, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. "பார்சல் டவுனுக்கு வந்திருச்சி. நல்ல பாரம். மல்லி ஆட்டோவுல ஏத்திட்டு வருவாரு" என்றேன். மல்லியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இரண்டு நாள் தள்ளிப் போடத்தான் சொன்னேன். அவர் பேர் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன் என்று எழுதலாம். அதுவும் சரியில்லை. அவர் எங்கள் ஆள் இல்லை, அதனால் சுலபமாக வந்தது. அதுதான் உண்மை.

இரண்டு நாள் கழித்து ரோட்டு வளைவு முடக்கில் சத்தம் கேட்டது. ஆட்டோக்கள் நிற்கும் இடம் அது, பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஸ்டோரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தூறல். பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நின்றார்கள். நடுவில் தங்கச்சி. அவள் கையில் மல்லியின் ஆட்டோ சாவி.

"மெஷினக் கொண்டு வந்து எறக்கு. அப்பறம் சாவியத் தாறேன்."

"அக்கே, மொன மெஷினக்த? என்ன மெஷின்? எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கே."

"தெரியாதா? ரெண்டு நாளா காத்துக்கிட்டு இருக்கேன். எங்க வித்த?"

"நான் ஏன் விக்க? என் பிள்ளைங்க மேல சத்தியம் அக்கே."

"பிள்ளைங்கள இழுக்காத. டவுன்ல பார்சல் எடுத்தது நீதானே?"

மல்லி அவளைவிட ஒரு அடி உயரம். கையைப் பிடித்து முறுக்கியிருந்தால் சாவி விழுந்திருக்கும். அவர் தொடவில்லை. மழையில் நனைந்துகொண்டு கையை விரித்து நின்றார். ஆட்டோவுக்குள் காய்ச்சல்கார மனுசி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கோபம், யார்மேல் என்று தெரியாமல்.

கூட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன், "அவனுங்க புத்தியே அதுதானே" என்றான். கடைக்குள் இருந்த சிங்களவர் இரண்டு பேர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார்கள். எங்கள் ரோட்டில் அந்த மாதிரிச் சொல்லை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அங்கே அது வரக் காரணம் நான்.

மல்லி என்னைக் கண்டுவிட்டார். முகம் தெளிந்தது. "இந்தா அண்ணே வாறாரு. அண்ணேகிட்ட கேளுங்க. அண்ணே, சொல்லுங்க அண்ணே" என்றார். நான் சொன்னால் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு.

"தங்கச்சி, சாவியக் குடு" என்றேன்.

"ஏன்? நீங்கதானே சொன்னீங்க இவரு கொண்டு வாறாருன்னு."

"பார்சல் வரல."

"வரலைன்னா?"

"மெஷினே இல்ல."

"காசு?"

"போச்சு."

"எப்ப?"

"கட்டுன அன்னிக்கே. அதுக்குப் பொறகும் போச்சு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு மல்லி பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் சாவியை நீட்டினாள். கோயிலில் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். "மல்லி, சமா வென்ன" என்றாள். மன்னித்துவிடு என்று. மல்லி சாவியை வாங்கிக்கொண்டு, "ஹரி அக்கே, ஹரி" என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல்காரியை ஏற்றிக்கொண்டு போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு தங்கச்சியிடம் சொன்னேன். எவ்வளவு போனதோ, மாசம் மாசம் நான் தருகிறேன் என்று.

"காச களவாணி எடுத்தான். அதுக்கு உங்களக் கேக்க மாட்டேன்" என்றாள். "ஒண்ணும் தெரியாத மனுசன களவாணின்னு சொல்ல வச்சீங்களே அண்ணே. அதுக்கு என்ன தருவீங்க?"

"கார்டக் குடுங்க" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.

மறுநாள் காலையில் வங்கிக்குப் போனோம். கார்டுக்கு உரியவள் வந்தால்தான் முறைப்பாடு எடுப்பார்கள். மல்லியின் ஆட்டோதான். வேறு ஆட்டோ தேடலாம் என்றேன். தங்கச்சி கேட்கவில்லை. அவரும் வந்தார். போய் இறங்கியதும் எப்போதும் வாங்கும் காசை வாங்கிக்கொண்டார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போகாமல் எங்களோடு உள்ளே வந்தார்.

வங்கியில் ஒரு சிங்களப் பிள்ளை, மிஸ் என்று கூப்பிடுவார்கள். முதல் வேலையாகக் கார்டை நிறுத்தினாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். பிறகு கார்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. எந்த நேரமும் எடுக்கலாமாம், தமிழிலும் பேசுவார்களாம். அந்தக் கள்ளனுக்கு நான் வாசித்த மூன்று இலக்கம் இருந்த அதே பக்கம். அதை வாசித்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

அவள் கம்பியூட்டரைப் பார்த்துப் பார்த்து விளக்கினாள். கார்டில் கட்டிய காசு உடனே கடைக்காரன் கைக்குப் போய்விடாதாம். ஒரு நாள், இரண்டு நாள் நடுவில் நிற்குமாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கலாமாம். சாமான் வரவில்லை என்றும் முறைப்பாடு கொடுக்க வழி இருக்கிறதாம். ஆனால் போனுக்கு வந்த ஆறு இலக்கக் கோடை நாமே வாயால் சொன்னது அந்த மூன்று தொகைக்கும் எதிராக நிற்குமாம். அதற்குப் பிறகு நான்கு தடவை காசு போயிருந்தது. அது வெளிநாட்டுக் கடைகளில். அங்கே கோடு கேட்காமலே எடுப்பார்களாம். கார்டை முதல் நாளே நிறுத்தியிருந்தால் அந்த நான்கும் நடந்திருக்காது.

தங்கச்சி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த சிமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு மிஸ் என்னிடம் கேட்டாள், செய்தியெல்லாம் உங்கள் போனுக்குத்தானே வந்திருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பின்னால் நின்ற மல்லிதான் சொன்னார்.

"பய உணா மிஸ்."

பயந்துவிட்டார் மிஸ் என்று. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர்மேல் போட்ட பழியை அவர் அங்கே சொல்லவில்லை.

படிவங்கள் எழுதினோம். பொலிசிலும் ஒரு முறைப்பாடு போட்டோம். சில மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நான் கோடு சொன்ன மூன்றும் வராது. பின்னால் போன நான்கில் இரண்டு திரும்பி வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை.

வங்கியிலிருந்து வந்த அன்று மாலையே மிச்சப் பத்துக் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இரண்டு வீட்டில், "பரவால்ல, நீங்களே வச்சிக்கங்க" என்றார்கள். மற்றவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த இரண்டு வீடுதான் கஷ்டமாக இருந்தது. என் போன் நம்பரைக் கொடுத்திருந்த மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய், வங்கி வரிசையில் நின்று, ஒவ்வொரு கணக்கிலிருந்தும் என் நம்பரை எடுக்கச் சொன்னேன். வீட்டில் மனைவி நான் சொன்னேனே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது சம்பளம் விழுந்தால் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மல்லியின் ஆட்டோவில் போகிறார்கள். ஆட்டோக் காசைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அவரவர் காசை அவரவர் எடுக்கிறார்கள். ஒரு பேர் போகிறதுதான். அதைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் கேட்கவில்லை. என்னைப் பேங்கு என்று யாரும் கூப்பிடுவதுமில்லை.

தங்கச்சி மிச்சக் காசில் டவுனில் ஒரு பழைய மிதி மெஷின் வாங்கினாள். கடையிலேயே ஒரு துண்டுத் துணியைத் தைத்துப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தாளாம். என் மனைவி சட்டை தைக்கக் கொடுத்தாள். நன்றாகத் தைத்துக் கொடுத்தாள். மற்றவர்களிடம் வாங்கும் கூலியைத்தான் வாங்கினாள். முந்தி என்றால் அண்ணியிடம் காசா என்று கையைத் தட்டிவிட்டிருப்பாள். என்னைக் கண்டால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். நின்று பேசுவதில்லை.

நான் மாசம் மாசம் அவள் கணக்கில் கொஞ்சம் போடுகிறேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வந்தது என்றும் சொல்லவில்லை. செய்தி இப்போது அவள் போனுக்குத்தான் போகிறது.

மல்லியிடம் ஒரு நாள் தனியாகச் சொன்னேன், நான் செய்தது பெரிய பிழை என்று. "ஹரி, அண்ணே, விடுங்க" என்றார். விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

கார்டு நம்பரையும் போனுக்கு வரும் கோடையும் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது சரிதான். நான் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்தது. ஏமாந்து சொல்லிவிட்டால், அந்த நேரமே வங்கிக்குச் சொல்லுங்கள். காசுக்கு உரியவரிடமும் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதைப் பிறகு பட்டுக்கொள்ளலாம். எனக்கு அது எங்கும் போய்விடவில்லை, என்னோடுதான் இருக்கிறது. அவன் என்னை ஏமாற்றப் பத்து நிமிஷம்தான் எடுத்தான். நான் அதை மறைத்தது பத்தொன்பது நாள்.